ஒன்பதும் இருபத்திரண்டும்

மனிதரைப் பீடிக்கும் புற்றுநோய்கள் பலவற்றுள், இன்ன காரணத்தினால்தான் இது உண்டாகிறது என்று அதன் மூலத்தைப் பூதக்கண்ணாடியின் கீழே வைத்து விரலால் சுட்டிக் காட்ட முடிந்த முதல் நோய், ரத்தத்தில் தோன்றும் ஒரு வகைப் புற்றுநோயாகும். நாட்பட்ட மைலாய்டு லுகீமியா என்று வைத்தியர்கள் அதை வழங்குவார்கள். அதன் வரலாற்றை ஆதியிலிருந்து அறிந்துகொண்டால், மூலக்கூறுப் பரிசோதனை என்பது இக்காலத்துப் புற்றுநோய் வைத்தியத்தில் எத்தகைய ஸ்தானத்தை அடைந்திருக்கிறது என்பதும், பரிசோதனை வேறு, சிகிச்சை வேறு என்று பிரித்து எண்ணும் பழைய வழக்கம் ஏன் இனிச் செல்லாது என்பதும் தாமே விளங்கும். ஆதலால் பல நோய்களை மேலோட்டமாகத் தொட்டுச் செல்வதைவிட, இந்த ஒரு நோயின் கதையைச் சற்று விரிவாகவே சொல்லிச் செல்வது நலம் என்று கருதுகிறேன்.

1845ஆம் ஆண்டில், எடின்பரோ நகரத்தில் ஜான் ஹ்யூஸ் பென்னெட் என்பவரும், பெர்லின் நகரத்தில் ருடால்ப் விர்ஷோ என்ற இளம் வைத்தியரும், ஒருவர் செய்வதை மற்றவர் அறியாமல், சில வார இடைவெளியில், மண்ணீரல் மிகப் பெருத்து இறந்துபோன நோயாளிகளின் ரத்தத்தைப் பற்றி எழுதினார்கள். அந்த ரத்தம் தன் இயல்பான செந்நிறத்தை இழந்து வெளுத்துக் கிடந்தது. பென்னெட் அதை ரத்தத்தில் சீழ் பிடித்ததன் விளைவு என்று எண்ணினார். விர்ஷோவோ, அது சீழன்று, ரத்தத்தின் வெள்ளணுக்களே அளவு மீறிப் பெருகியிருக்கின்றன என்று கண்டு, பின்னர் அந்நோய்க்கு லுகீமியா என்ற பெயரையும் இட்டார். ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் நாலாயிரம் முதல் பதினோராயிரம் வரை இருக்க வேண்டிய வெள்ளணுக்கள் இந்நோயில் லட்சத்துக்கு மேலும் போகும். ஆயினும் முதல் சில வருஷங்கள் நோயாளி நடமாடிக் கொண்டுதான் இருப்பார். களைப்பும், உடல் மெலிவும், இடது விலாவின் கீழே ஒரு கனமும் தவிர வேறு தொந்தரவு இல்லாமலும் இருக்கக்கூடும். பிறகு ஒரு நாள் நோய் தன் சுபாவத்தை மாற்றிக்கொண்டு உக்கிரமாகி, சில மாதங்களிலேயே உயிரைக் கொண்டுபோகும். ஆர்சனிக், எக்ஸ்ரே, 1953இல் வந்த புஸல்பான் என்ற மாத்திரை ஆகிய எல்லாம் வெள்ளணுக்களின் தொகையைக் குறைத்தனவே அன்றி, அந்த உக்கிர நிலை வருவதைத் தடுக்கவில்லை. காரணம் தெரியாமல் காரியத்தோடு மட்டும் போராடிய சிகிச்சை அது.

காரணம் எங்கே இருக்கக்கூடும் என்று ஊகித்தவர் ஒருவர் இல்லாமற் போகவில்லை. ஜெர்மானிய விஞ்ஞானியாகிய தியோடோர் போவெரி, கடல் முள்ளெலி என்ற பிராணியின் முட்டைகளில் குரோமோசோம்கள் தவறாகப் பங்கிடப்படும்போது விளையும் விபரீதங்களை வருஷக்கணக்காக ஆராய்ந்தவர், உயிரணுவுக்குள் குரோமோசோம்கள் நிலைகுலைவதே புற்றுநோயின் தோற்றுவாய் என்று 1914ஆம் ஆண்டில் ஒரு நூலே எழுதினார். ஆனால் அதைப் பிரத்தியட்சமாக நிரூபிக்கும் சாதனம் அன்று எவரிடமும் இல்லை. மனித உயிரணுவில் எத்தனை குரோமோசோம்கள் உள்ளன என்பதைக்கூட 1956ஆம் ஆண்டு வரையில் உலகம் பிழையாகவே அறிந்திருந்தது. ஜாவாத் தீவில் பிறந்த ஜோ ஹின் ஜியோ என்பவர், ஸ்வீடன் தேசத்தின் லுண்ட் நகரத்தில் ஆல்பர்ட் லெவனுடன் சேர்ந்து செய்த ஆராய்ச்சியின் பயனாகவே, பாடப் புத்தகங்களில் அச்சாகி வந்த 48 என்ற எண் தவறு, சரியான எண் 46 என்பது நிலைபெற்றது.

இதற்கு நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்திலிருந்து அந்தக் காரணத்தின் முதல் தடயம் வெளிவந்தது. அந்நகரப் பல்கலைக்கழகத்தில் பீட்டர் நோவெல் என்ற வைத்திய விஞ்ஞானி லுகீமியா அணுக்களைக் கண்ணாடித் தகட்டில் வளர்த்து, சாயம் ஏற்றுவதற்கு முன் குழாய்த் தண்ணீரிலே அலசினார். உப்புச் செறிவு குறைந்த அந்தத் தண்ணீரை உறிஞ்சி அணுக்கள் உப்பியபோது, அவற்றுள் பின்னிக் கிடந்த குரோமோசோம்கள் ஒன்றை விட்டு ஒன்று விலகித் தெளிவாகப் பரவின. இவற்றை எண்ணத் தெரிந்த துணையைத் தேடிய அவருக்கு, அதே நகரத்தில் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் மாணவராக இருந்த டேவிட் ஹங்கர்போர்டு கிடைத்தார். இருவரும் கூடிப் பார்த்ததில், இந்த நாட்பட்ட லுகீமியாவால் வருந்திய ஏழு பேரின் அணுக்களிலும், மிகச் சிறிய குரோமோசோம்களுள் ஒன்று இன்னும் குறுகி, வெட்டுண்டது போல் நிற்கக் கண்டார்கள். 1960ஆம் ஆண்டில் 'ஸயன்ஸ்' பத்திரிகையில் வந்த சில வரிக் குறிப்பே அந்தக் கண்டுபிடிப்பின் பிரகடனம். நகரத்தின் பெயராலேயே அது பிலடெல்பியா குரோமோசோம் என்று பின்னர் வழங்கலாயிற்று. இம்மாறுதல் நோயாளியின் ரத்தத்தை உற்பத்தி செய்யும் அணுக்களில் மட்டுமே இருந்தது என்பதும், உடலின் மற்ற அணுக்களில் இல்லை என்பதும் கவனிக்கத்தக்கவை. தாய் தந்தையரிடமிருந்து வருவதன்று, குழந்தைகளுக்குப் போவதுமன்று, வாழ்நாளின் இடையில், மஜ்ஜையில் உள்ள ஏதோ ஓர் அணுவில் நேர்ந்து, அந்த ஓர் அணுவின் சந்ததியாகப் பெருகியது. குடும்பத்தில் ஒருவருக்கு இந்நோய் வந்துவிட்டால் மற்றவர்களும் அஞ்சி நடுங்குவதை இன்றும் காண்கிறோம். அந்த அச்சத்துக்கு இடமில்லை என்பதற்கு ஆதாரம் இதுதான்.

குறுகிய அந்தத் துண்டு எங்கே போயிற்று? இந்தக் கேள்விக்கு விடை காணப் பதின்மூன்று ஆண்டுகள் ஆயின. சிக்காகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேனட் ரோலி என்ற அம்மையார், நான்கு பிள்ளைகளைப் பெற்று வளர்த்துக்கொண்டு, நாளில் பாதி நேரமே ஆராய்ச்சியில் ஈடுபட்டு வந்தவர். ஒளிரும் சாயத்தை ஏற்றினால் ஒவ்வொரு குரோமோசோமும் தனக்கே உரிய பட்டைகளோடு தோன்றும் என்ற புதிய முறையை ஆக்ஸ்போர்டில் தங்கியிருந்த காலத்தில் கற்றுக்கொண்டு, ஊர் திரும்பிய பின், குரோமோசோம்களின் புகைப்படங்களைக் கத்தரித்துத் தம் வீட்டுச் சாப்பாட்டு மேஜையின் மேல் பரப்பி வைத்து ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். 22ஆவது குரோமோசோமில் எவ்வளவு குறைந்திருந்ததோ, ஏறக்குறைய அவ்வளவு 9ஆவது குரோமோசோமின் நுனியில் கூடியிருந்தது! துண்டு தொலைந்து போகவில்லை; இரண்டு குரோமோசோம்களும் உடைந்து, தம்முள் துண்டுகளை மாற்றிக்கொண்டிருந்தன. 1973இல் இது 'நேச்சர்' பத்திரிகையில் வெளிவந்தது. குரோமோசோம் மாறுதல் புற்றுநோயின் விளைவேயன்றிக் காரணமாகாது என்று அது வரையில் சாதித்து வந்தவர்களுக்கு, ஒவ்வொரு நோயாளியிடத்திலும் அதே இரண்டு குரோமோசோம்கள் அதே இடங்களில் உடைவது வெறும் தற்செயல் என்று சொல்ல வழியில்லாமல் போயிற்று. பெரிய கருவிகளும் பெருங்கூட்டமும் இருந்தால்தான் விஞ்ஞானம் வளரும் என்று நினைக்கும் இளைஞர்கள் இந்த அம்மையாரின் வாழ்க்கையைப் படிக்க வேண்டும்.

உடைந்து ஒட்டிய அந்த இடத்தில் இருப்பது என்ன என்பதை 1980களில் கண்டார்கள். எலிகளுக்கு லுகீமியாவை உண்டாக்கும் வைரஸ் ஒன்றை ஹெர்பர்ட் ஏபெல்சன் என்பவர் 1970இல் விவரித்திருந்தார். அந்த வைரஸ் சுமந்து வந்த ஜீனுக்கு அவர் பெயரை ஒட்டியே ஏபிஎல் என்று பெயர். மனிதரிடத்திலும் அதே ஜீன் உண்டு என்றும், அது இயல்பாக 9ஆவது குரோமோசோமில் வாசம் செய்வது, இந்நோயில் இடம் பெயர்ந்து 22க்குப் போய், அங்கே பிசிஆர் என்ற வேறொரு ஜீனின் வாலில் ஒட்டிக்கொள்கிறது என்றும், நோரா ஹைஸ்டர்காம்ப், ஜான் குரோபென், அனலீஸ் டி க்ளைன் முதலிய டச்சு ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். இரண்டு ஜீன்கள் சேர்ந்து ஒன்றானால், அவற்றின் ஆணைப்படி உருவாகும் புரோட்டீனும் இரண்டு பாதிகள் சேர்ந்த ஒரு புதுப் புரோட்டீனாகவே பிறக்கும். ஆரோக்கியமான மனிதரின் உடல் இயல்பாக உற்பத்தி செய்யாத வஸ்து அது.

அந்தப் புரோட்டீன் செய்யும் தீங்கைச் சிறிது விளக்க வேண்டும். ஏபிஎல் என்பது கைனேஸ் வகையைச் சேர்ந்த ஒரு நொதி. ஏடிபி என்ற மூலக்கூறிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து, மற்றப் புரோட்டீன்களில் உள்ள டைரோஸின் என்ற அமினோ அமிலத்தின் மேல் ஏற்றுவதே அதன் தொழில். அவ்வாறு பாஸ்பேட் ஏறிய புரோட்டீன்கள், 'பிரிந்து பெருகு' என்ற செய்தியை அணுவின் உட்பகுதிக்குக் கடத்தும். ஏரி மதகின் பலகை வேண்டியபோது தூக்கப்பட்டு, வேண்டாதபோது இறக்கப்படுவது போல, சாதாரண ஏபிஎல்லும் திறப்பதும் மூடுவதுமாக இருக்கும். பிசிஆருடன் ஒட்டிய ஏபிஎல்லிலோ பலகை மேலே சிக்கிக்கொண்டது. இரவும் பகலும் செய்தி பாய்ந்துகொண்டே இருக்கிறது. வெள்ளணுக்கள் வயலை மூழ்கடிக்கின்றன. இந்த ஒரு ஜீனை எலிகளின் மஜ்ஜையில் புகுத்தினால் அவற்றுக்கும் அதே போன்ற நோய் வருகிறது என்று ஜார்ஜ் டேலி, டேவிட் பால்டிமோர் முதலியோர் 1990இல் நிரூபித்தபோது, காரணம் இதுதான் என்பதில் எஞ்சியிருந்த ஐயமும் தீர்ந்தது.

காரணம் ஒன்றே என்றால் அதைத் தடுக்கும் மருந்தும் ஒன்று இருக்கக்கூடும் அன்றோ? சுவிட்சர்லாந்தின் பாஸல் நகரத்தில் சீபா-கைகி கம்பெனியின் ஆராய்ச்சிக்கூடத்தில், அலெக்ஸ் மேட்டர், நிக்கலஸ் லைடன் ஆகியோரின் முயற்சியில், கைனேஸ்களைத் தடுக்கும் ரசாயனங்களைத் தேடும் வேலை நடந்துகொண்டிருந்தது. பல அறிஞர்கள் இதை வீண் முயற்சி என்றே கருதினார்கள். ஏனெனில், மனித உடலில் ஐந்நூறுக்கு மேற்பட்ட கைனேஸ்கள் உள்ளன. அவை யாவும் ஏடிபியைப் பிடிக்கும் குழி ஏறக்குறைய ஒரே வடிவானது. ஒன்றை அடைக்கும் மருந்து எல்லாவற்றையும் அடைத்து நோயாளியையே கொன்றுவிடும் என்பது அவர்கள் வாதம். யூர்க் ஸிம்மர்மன் என்ற ரசாயன நிபுணர், வேறொரு கைனேஸைத் தடுப்பதற்காகக் கிடைத்த ஒரு மூலக்கூறை எடுத்துக்கொண்டு, அதன் உறுப்புக்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார். ஓரிடத்தில் ஒரே ஒரு மெதில் தொகுதியைச் சேர்த்தவுடன், பழைய கைனேஸைத் தடுக்கும் தன்மை அடியோடு மறைந்து, ஏபிஎல்லைத் தடுக்கும் தன்மை நிலைத்தது. பின்பு தண்ணீரில் கரைவதற்காக இன்னொரு தொகுதியைச் சேர்த்து, வாய்வழியே உட்கொள்ளத்தக்க மருந்தாக்கினார்கள். இதுவே இமாடினிப். இது ஏன் ஏபிஎல் போன்ற மிகச் சில கைனேஸ்களை மட்டும் நாடுகிறது என்பதன் ரகசியம், 2000ஆம் ஆண்டில் ஜான் குரியன் குழுவினர் வெளியிட்ட படிக அமைப்பினால் புலப்பட்டது: நொதி மூடிய நிலையில் இருக்கும் கணத்தில் மருந்து அதைப் பற்றிக்கொண்டு, மீண்டும் திறக்கவொட்டாமல் நிறுத்திவிடுகிறது, திறந்த நிலையில் எல்லாக் கைனேஸ்களும் ஒத்திருந்தாலும், மூடிய நிலையில் வேறுபடுகின்றன.

அமெரிக்காவின் ஆரெகான் மாகாணத்துப் போர்ட்லண்டில் இருந்த பிரையன் ட்ரூக்கர் என்ற வைத்தியர், லைடனிடமிருந்து இம்மருந்தை வரவழைத்து, சோதனைக் குழாய்களில் லுகீமியா அணுக்களின் மேல் பிரயோகித்தார். நோயுற்ற அணுக்களின் தொகுதிகள் 92 முதல் 98 சதவிகிதம் வரையில் குறைந்தன. நல்ல அணுக்களுக்குத் தீங்கு நேரவில்லை. 1996இல் இது வெளியாயிற்று. ஆயினும், இந்நோய் உடையவர்கள் சிறு தொகையினர் என்பதால் மருந்தில் லாபம் இராது என்ற தயக்கமும், நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்ததில் ஈரலுக்கு ஊறு நேர்ந்ததே என்ற அச்சமும் சேர்ந்து, இரண்டு ஆண்டுகளைக் கடத்திவிட்டன. ட்ரூக்கரின் பிடிவாதம் இல்லாவிட்டால் இன்னும் எத்தனை ஆண்டுகள் கடந்திருக்குமோ! 1998 ஜூனில் மனிதருக்கு முதன்முதலாகக் கொடுக்கப்பட்டது. பழைய சிகிச்சை பலிக்காமல் கைவிடப்பட்ட நோயாளிகளே அவர்கள். நாள் ஒன்றுக்கு 300 மில்லிகிராமோ அதற்கு மேலோ உட்கொண்ட 54 பேரில் 53 பேரின் ரத்த அணுக்களின் எண்ணிக்கை இயல்பு நிலைக்குத் திரும்பிற்று. அதுவும் பெரும்பாலும் நான்கு வாரத்துக்குள். முதல் கட்டச் சோதனை என்பது மருந்தின் அபாயத்தை அளப்பதற்காகவே செய்யப்படுவது; அதில் இத்தகைய பலன் புற்றுநோய் வைத்திய சரித்திரத்தில் மிக அரிது. 2001ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்க அரசாங்கம் அனுமதி அளித்தது. பிறகு 1,106 நோயாளிகளைக் கொண்டு நடந்த பெரிய ஆராய்ச்சியில், இமாடினிபோடு தொடங்கியவர்களுள் ஏறத்தாழ 83 சதவிகிதத்தினர் பத்து ஆண்டுக்குப் பின்னும் உயிரோடிருந்தார்கள்.

இனிப் பரிசோதனையைப் பற்றிச் சொல்வோம். மருந்தைப் போற்றுகிறவர்கள் இதைக் குறைத்தே பேசுகிறார்கள். எனக்கோ இதுவே அதிக ஆச்சரியத்தை விளைவிக்கிறது. மஜ்ஜையிலிருந்து எடுத்த அணுக்களைப் பூதக்கண்ணாடியின் கீழே எண்ணும் பழைய முறையில் சுமார் இருபது அணுக்களையே பார்க்க முடியும்; அவற்றுள் ஒன்றும் நோயணு இல்லை என்றால், நோய் இல்லை என்று அர்த்தமாகாது. ஒளிரும் துணுக்குகளை இரண்டு ஜீன்களின் மேலும் ஒட்டி, இரண்டு நிறமும் சேர்ந்து நிற்கின்றனவா என்று பார்க்கும் முறை சில நூறு அணுக்களை அளாவும். பி.சி.ஆர். என்ற மூன்றாவது முறையோ (பெயர் ஒத்திருப்பினும், மேலே கண்ட பிசிஆர் ஜீன் வேறு, இது வேறு), லட்சம் அணுக்களுள் ஒளிந்திருக்கும் ஒன்றையும் காட்டிக்கொடுக்க வல்லது. அதற்கு மஜ்ஜையும் வேண்டுவதில்லை, கையில் எடுக்கும் ரத்தமே போதும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. குரோமோசோம் உடையும் துல்லியமான இடம் நோயாளிக்கு நோயாளி வேறுபடும். ஏபிஎல் ஜீனில் புரோட்டீனுக்கு ஆணை தராத நீண்ட இடைவெளியில் எங்கு வேண்டுமானாலும் உடையலாம். ஆகவே டி.என்.ஏ.யைக் கொண்டு எல்லோருக்கும் பொதுவான ஒரு பரிசோதனையை வகுப்பது கடினம். ஆனால் ஜீனிலிருந்து ஆர்.என்.ஏ. படியெடுக்கப்படும்போது அந்த இடைவெளிகள் யாவும் கத்தரிக்கப்பட்டு, பொருளுள்ள பகுதிகள் மட்டும் இணைக்கப்படுகின்றன. அதனால் மிகப் பெரும்பாலான நோயாளிகளிடத்தில் இணைப்பு இரண்டே விதங்களில் ஒன்றாக அமைந்துவிடுகிறது. எனவே ரத்தத்திலிருந்து ஆர்.என்.ஏ.யைப் பிரித்து, அதைத் திருப்பி டி.என்.ஏ.யாக எழுதி, அந்த இணைப்புப் பகுதியை மட்டும் மடங்கு மடங்காகப் பெருக்கி, பெருகும் வேகத்தைக் கொண்டு ஆதியில் எத்தனை பிரதிகள் இருந்தன என்று கணக்கிடுகிறார்கள். திருப்பி எழுதும் நொதியை 1970இல் கண்டவர்களுள் ஒருவர், மேலே சொன்ன அதே பால்டிமோர்தான். ஆர்.என்.ஏ. எளிதில் சிதைவது, ரத்தம் எடுத்த ஓரிரு நாளுக்குள் ஆய்வுக்கூடத்தை அடையாவிட்டால், நோய் இருந்தும் இல்லாதது போல் தோன்றிவிடும்.

உலகமெங்கும் ஆய்வுக்கூடங்கள் வெவ்வேறு எண்களைச் சொல்லிக் குழப்பாதிருக்கச் சர்வதேச அளவை ஒன்று வகுத்திருக்கிறார்கள். சிகிச்சைக்கு முன் இருந்த சராசரி அளவை 100 சதவிகிதம் என்று கொண்டு, மூன்றாவது மாதத்தில் 10 சதவிகிதத்துக்கும், ஆறாவது மாதத்தில் 1 சதவிகிதத்துக்கும், ஓராண்டில் 0.1 சதவிகிதத்துக்கும் குறைய வேண்டும் என்பது பொது விதி. நோயாளியோ முதல் மாதத்திலேயே சௌக்கியமாகிவிடுகிறார், வெள்ளணுக்களின் எண்ணிக்கை சரியாகிவிடுகிறது, மண்ணீரல் சுருங்கிவிடுகிறது. ஆகவே அதற்குப் பின் நோய் தணிந்துகொண்டு வருகிறதா, மறைவில் தலைதூக்குகிறதா என்பதை அவரும் அறியார், தொட்டுப் பார்க்கும் வைத்தியரும் அறியார், பி.சி.ஆர். எண் ஒன்றே அறியும்.

தலைதூக்குவதும் உண்டு. இமாடினிப் வெளிவந்த 2001ஆம் ஆண்டிலேயே, சார்ல்ஸ் ஸாயர்ஸின் ஆராய்ச்சிக்கூடம் மருந்துக்கு அடங்காமற் போன நோயாளிகளின் அணுக்களைச் சோதித்து, ஏபிஎல் ஜீனில் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பதைக் கண்டது. அதனால் புரோட்டீனின் 315ஆவது இடத்தில் திரியோனின் இருக்க வேண்டிய இடத்தில் ஐஸோலூசின் வந்து உட்கார்ந்துகொள்ள, மருந்து தன் பிடியை இழக்கிறது. பின்னர் இத்தகைய வேறு பல மாறுதல்களும் தெரியவந்தன. அவற்றுக்கென்று தாஸாடினிப், நிலோடினிப் என்ற மருந்துகள் வந்தன. ஆனால் 315ஆவது இடத்து மாறுதலுக்கு அவ்விரண்டும் பயனற்றவை. 2012இல் வந்த போனாடினிப் அதை எதிர்க்க வல்லதாயிற்று. ஆகவே எண் ஏறும்போது, எந்த எழுத்து மாறிற்று என்று படித்துப் பார்க்காமல் மருந்தை மாற்றுவது இருட்டில் கை நீட்டுவதேயாகும். மறுபுறம், இரண்டு ஆண்டுகளுக்குக் குறையாமல் நோயின் சுவடே புலப்படாதிருந்தவர்களுக்கு மருந்தை நிறுத்திப் பார்த்த பிரெஞ்சு ஆராய்ச்சி ஒன்றில், பத்தில் நான்கு பேர் அளவில் ஓராண்டு கழிந்தும் நோய் திரும்பாமல் இருந்தார்கள். இந்தத் துணிவும், இடைவிடாமல் பரிசோதித்து, சுவடு தெரிந்த உடனே மருந்தைத் தொடங்கும் வசதி இருந்ததனால்தான் சாத்தியமாயிற்று. தாமாக நிறுத்திக்கொள்கிறவர்களுக்கு இது முன்மாதிரி ஆகாது.

பரிசோதனையின்றி மருந்தைக் கொடுப்பதனால் விளையும் கேட்டை நுரையீரல் புற்றுநோய் தெளிவாக உணர்த்தியது. ஜெபிடினிப் என்ற மருந்து, சிலருக்கு அற்புதமாகவும் பலருக்குச் சிறிதும் பயனின்றியும் இருப்பதன் காரணம் விளங்காமலே முதலில் வழங்கப்பட்டது. 2004இல் பாஸ்டன் நகர ஆராய்ச்சியாளர்கள், பலன் பெற்றவர்களின் கட்டிகளில் ஈஜிஎப்ஆர் என்ற ஜீன் மாறியிருப்பதைக் கண்டார்கள். கிழக்காசிய நாடுகளில், பெரும்பாலும் புகை பிடிக்காத 1,217 நோயாளிகளைக் கொண்டு நடந்து, 2009இல் வெளியான ஆராய்ச்சியில், அந்த மாறுதல் உடையவர்களுக்குக் கீமோதெரபியைவிட ஜெபிடினிப் நோயை நெடுநாள் அடக்கி வைத்தது; மாறுதல் இல்லாதவர்களுக்கோ, அதே மருந்து கீமோதெரபியைவிட மிக மோசமான பலனைத் தந்தது. பூதக்கண்ணாடியின் கீழே இரு சாராரின் கட்டிகளும் ஒரே மாதிரி இருந்தவை! ஒரு சாராருக்கு அமிர்தமாவது மற்றவர்களுக்குப் பொழுதையும் ஆயுளையும் வீணாக்குவதாகுமானால், அந்தப் பேதத்தை அறிவிக்கும் பரிசோதனையை மருந்தின் ஒரு பாகமாகவே கொள்ளுவதன்றி வேறு வழியில்லை.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். நாட்பட்ட மைலாய்டு லுகீமியா ஒரே காரணத்தால் உண்டாகும் நோய். அதனால் ஒரே மருந்துக்கு வசப்பட்டது. மார்பிலும் குடலிலும் நுரையீரலிலும் தோன்றும் கட்டிகள் அத்தகையவை அல்ல; பல ஜீன்கள் ஒருங்கே மாறிக் கிடப்பவை; ஒரு வழி அடைபட்டால் வேறு வழியைத் தேடிக்கொள்பவை. நுரையீரல் நோயில் ஜெபிடினிபுக்குப் பணிந்த கட்டி, பெரும்பாலும் ஓராண்டு அளவிலேயே மீண்டும் வளரத் தொடங்குகிறது. நூற்றுக்கணக்கான ஜீன்களை ஒரே தடவையில் படிக்கும் விலையுயர்ந்த பரிசோதனையைச் செய்துகொண்டும், தம் நோய்க்குப் பொருந்தும் மருந்து ஒன்றும் இல்லை என்ற பதிலையே பலர் பெறுகிறார்கள். இந்த வைத்தியத்தைப் பற்றி விளம்பரங்கள் ஊட்டும் நம்பிக்கை அளவுக்கு மீறியது என்பதே என் கருத்து. எந்தப் பரிசோதனையின் முடிவு சிகிச்சையை மாற்றக்கூடியதோ அதையே முதலில் செய்வது விவேகம்.

இமாடினிபின் கதையில் நம் நாட்டுக்கும், குறிப்பாகச் சென்னைக்கும், ஓர் இடம் உண்டு. அம்மருந்தின் ஒரு படிக வடிவத்துக்குக் காப்புரிமை கோரி, சீபா-கைகியின் வாரிசாகிய நோவார்டிஸ் கம்பெனி 1998இல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பித்தது. முன்பே அறியப்பட்ட வஸ்துவின் புது வடிவம், பலனில் மேம்பட்டதாக இருந்தாலன்றிக் காப்புரிமை பெறாது என்ற சட்டப் பிரிவு 2005இல் சேர்க்கப்பட்ட பின், 2006 ஜனவரியில் அவ்வலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. அந்தச் சட்டப் பிரிவே செல்லாது என்ற வழக்கைச் சென்னை உயர்நீதிமன்றம் 2007இல் தள்ளுபடி செய்தது. முடிவில் 2013 ஏப்ரல் 1ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டும் கம்பெனியின் கோரிக்கையை மறுத்துவிட்டது. கம்பெனியின் மருந்து மாதத்துக்கு ஒரு லட்சத்து இருபதினாயிரம் ரூபாய் அளவில் விற்ற காலத்தில், இந்தியக் கம்பெனிகள் பத்தாயிரம் ரூபாய்க்குள் கொடுத்து வந்தன. பிறகு விலை இன்னும் இறங்கிற்று. நோவார்டிஸ் பல ஏழை நோயாளிகளுக்கு இலவசமாகவே கொடுத்து வந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆயினும் தர்மமாகக் கிடைப்பதற்கும் சுதந்திரமாக வாங்கத்தக்க விலையில் கிடைப்பதற்கும் உள்ள வித்தியாசம் பெரிது. மேலைநாடுகளில் அறுபது வயதை ஒட்டியவர்களைத் தாக்கும் இந்நோய், நம் நாட்டில் பெரும்பாலும் முப்பது நாற்பது வயதில், குடும்பத்தைத் தாங்கி நிற்பவர்களையே தாக்குகிறது என்பதை நினைத்தால், அத்தீர்ப்பின் மதிப்பு நன்கு விளங்கும்.

மருந்துக்குக் கிடைத்த இந்த நீதி, பரிசோதனைக்கு இன்னும் கிடைக்கவில்லை. மாத்திரை போய்ச் சேர்ந்த ஊர்களுக்கெல்லாம் பி.சி.ஆர். போய்ச் சேரவில்லை. அடையாறு புற்றுநோய் நிலையம், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி போன்ற இடங்களில் ஒழுங்காக நடக்கும் பரிசோதனை, தொலைவில் உள்ள விவசாயிக்கோ கூலியாளுக்கோ ஒரு நாள் கூலியும் பஸ் கட்டணமும் சேர்ந்த பெருஞ்செலவாகிவிடுகிறது. உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்று அவர் பரிசோதனையை ஒத்திப் போடுகிறார். அதே எண்ணம் வலுத்தபின் மாத்திரையையும் விட்டுவிடுகிறார். மருந்தைக் கொடுத்துவிட்டோம் என்று திருப்தி அடையும் அரசாங்கம் பாதிக் கடமையையே செய்திருக்கிறது. ஜில்லாத் தலைநகர ஆஸ்பத்திரிகளில் ரத்தத்தைப் பெற்று, ஓரிரு நாளுக்குள் ஆய்வுக்கூடத்தில் சேர்ப்பிக்கும் ஏற்பாடு ஒன்றைச் செய்வது பெரிய காரியமன்று. அதைச் செய்யும்படி கேட்பது நம் கடமை. உங்கள் வீட்டிலோ அண்டை அயலிலோ இந்நோய் உடையவர் ஒருவர் இருந்தால், அவர் ஒரு நாளும் மாத்திரையைத் தவறவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வைத்தியரிடம் போகும்போதெல்லாம், ரத்த அணுக்களின் எண்ணிக்கையோடு நின்றுவிடாமல், சர்வதேச அளவையில் இப்போது எத்தனை சதவிகிதம் என்று கேட்டு, அந்த எண்ணைத் தேதியிட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்துக்கொள்ளும்படி சொல்லுங்கள்.